34 அங்குலத் திரையில் 25 அங்குலப் படம்

போன கிழமை என் அகலத்திரை மொனிட்டரில் அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். திரை 80 சென்ரிமீற்றர் அகலம், 33 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே உயரம். அதில் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படமோ 59 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் உயரம். இடமும் வலமும் பத்துப் பத்துச் சென்ரிமீற்றர் கறுப்பு. மேலும் கீழும் நாலு நாலு சென்ரிமீற்றர் கறுப்பு. 34 அங்குலத் திரைக்குக் காசு கொடுத்துவிட்டு 25 அங்குலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சியில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். அந்த வேலைக்கு இந்த நீண்ட திரை பெரிய உதவி. பொன்னுருக்கலில் தொடங்கி இரவு விருந்து வரை ஒரு கல்யாணத்தின் முழு ரைம்லைனும் உருட்டாமலே கண்முன் கிடக்கும். வெளிநாட்டு உறவுகள் விடுமுறையில் வந்தபோது விட்டுப்போனது, கொழும்பில் பாவித்த விலைக்கு வாங்கி ஏ9 வீதியால் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்று வன்னியிலும் இந்தத் திரைகள் அங்கொன்று இங்கொன்றாகத் தென்படத் தொடங்கிவிட்டன. அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பியும் அப்படித்தான் ஒன்று வாங்கினான். வாங்கிய அன்று இரவே போன் எடுத்தான். "அண்ணை, படம் நடுவிலை சின்னனா நிக்குது. சுத்திவரக் கறுப்பு. திரையிலை ஏதும் பிழையோ?"

திரையில் பிழை இல்லை. போனில் யூரியூப் பார்க்கும்போது இரண்டு விரலால் விரித்தால் படம் திரையை நிறைக்கிறதே, அந்த வசதி கொம்பியூட்டர் உலாவியில் இல்லை. அதைச் செய்துதரத்தான் உலாவியோடு சேர்த்துப் போடும் சின்ன நிரல்களான நீட்சிகள் (எக்ஸ்ரென்சன்) இருக்கின்றன. குரோம், பயர்பொக்ஸ் இரண்டின் நீட்சிக் கடையிலும் தேடினால் ஒன்றல்ல, வரிசையாக வரும். எல்லாமே "கறுப்புப் பட்டையை நீக்கும்" என்றுதான் சொல்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முதல் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று விளங்க வேண்டும். ஏனென்றால் அது ஒரு கறுப்பல்ல, இரண்டு.

வீடுகளுக்கு ரீவி வந்து தியேட்டருக்கு ஆள் குறைந்த காலத்தில், ரீவியால் காட்ட முடியாத அகலத்தைக் காட்டவேண்டும் என்று ஹொலிவூட் 1953இல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். இன்றைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை உயரத்தைப்போல 2.35 அல்லது 2.39 மடங்கு அகலமானவை. ரீவி வேறு வழியில் போனது. பழைய ரீவி 4:3, அதாவது 1.33 மடங்கு. இப்போதைய ரீவி, மடிக்கணினி, யூரியூப் சட்டகம் எல்லாம் 16:9, அதாவது 1.78 மடங்கு. 1980களில் அமெரிக்கப் பொறியியலாளர் கேர்ன்ஸ் பவர்ஸ், பழைய ரீவி வடிவத்துக்கும் சினிமா வடிவத்துக்கும் நடுவில் இரண்டையும் ஓரளவு சமமாகத் தாங்கும் வடிவமாக இதை முன்வைத்தார்.

இப்போது 2.39 படத்தை 16:9 சட்டகத்துக்குள் வைக்கவேண்டும். 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள வீடியோவில் உண்மையான படம் 1920க்கு ஏறத்தாழ 804 மட்டும்தான். மிச்சம் 276 வரிகளையும் கறுப்பாக நிரப்பிப் பதிந்துவிடுகிறார்கள். இது முதலாவது கறுப்பு. வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது.

அகலத்திரை மொனிட்டர் அநேகமாக 3440க்கு 1440 புள்ளிகள். பெட்டியில் 21:9 என்று போட்டிருந்தாலும் கணக்குப் பார்த்தால் 2.39 மடங்கு அகலம். சினிமாவின் அதே வடிவம். ஆனால் வீடியோவை ஓட்டும் பிளேயருக்குத் தெரிவது 16:9 சட்டகம் மட்டும்தான். சட்டகத்துக்குள் இருக்கும் கறுப்பு படமா, வெறும் பட்டையா என்று அதற்குத் தெரியாது. சட்டகத்தை 2560க்கு 1440 ஆகப் பெருப்பித்து நடுவில் வைக்கிறது. இரு பக்கமும் 440 புள்ளி வீதம் வெறுமையாகக் கிடக்கும். இது இரண்டாவது கறுப்பு. திரையில் மிஞ்சிய வெளி.

ஓரத்தில் அகலமாக வெள்ளை விட்டுக் கழுவிய போட்டோவை அப்படியே கொண்டுபோய்ப் பெரிய பிறேமில் மாட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. சினிமா வடிவப் படம், சினிமா வடிவத் திரை, ஆனால் திரையின் பரப்பில் ஏறத்தாழ 55 வீதத்தில்தான் படம். 27 அங்குலச் சாதாரண மொனிட்டரிலும் கிட்டத்தட்ட இதே அளவுப் படம்தான் தெரியும்.

நீட்சி செய்யும் வேலை உண்மையில் சின்ன வேலை. பக்கத்தில் உள்ள வீடியோவை எடுத்து 1.34 மடங்கு பெருப்பிக்கிறது. கறுப்புப் பட்டைகள் திரைக்கு வெளியே போய்விடும், படம் ஓரம் முட்டி நிற்கும். புதிதாக எதையும் இறக்குவதில்லை, ஆகவே டேட்டாவும் கூடுதலாகப் போகாது. இவ்வளவு சுலபம் என்பதால்தான் இத்தனை நீட்சிகள். அவற்றுக்குள் வித்தியாசம் பெருப்பிப்பதில் இல்லை. எப்போது பெருப்பிக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். சில நீட்சிகள் படத்தை வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்து நிரப்பும். வேண்டவே வேண்டாம். மணப்பெண்ணின் நெற்றியில் வட்டமாக வைத்த பொட்டு முட்டை வடிவமாகத் தெரியும். எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலித்துவிடும். இழுப்பதை மட்டுமே செய்யும் நீட்சி என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

மிஞ்சுவது வெட்டி நிரப்பும் வகை. இதில்தான் கவனம் வேண்டும். உள்ளே பட்டை உள்ள சினிமாப் படத்தில் வெட்டுப்படுவது வெறும் கறுப்பு, நட்டம் எதுவும் இல்லை. ஆனால் பட்டையே இல்லாத 16:9 வீடியோவை நிரப்பினால் படத்தின் உயரத்தில் கால்வாசி போய்விடும். செய்தியில் கீழே ஓடும் எழுத்து இராது. சமையல் வீடியோவில் சட்டி தெரியும், அடுப்புத் தெரியாது. நான் எடுக்கும் கல்யாண வீடியோக்களும் 16:9 தான். ஆள் முழு உயரத்துக்கு நிற்கும்படி அளந்து வைத்த காட்சியில் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் காலும் ஒன்றாகப் போகும். இப்போது வரும் இணையத் தொடர்கள் பல 2:1 வடிவம். அவற்றில் மேல் கீழ்ப் பட்டையை மட்டும் நீக்கி, பக்கத்தில் சிறிது கறுப்பை விட்டு வைப்பதுதான் சரி. விடாப்பிடியாக முழுத்திரையும் நிரப்பினால் 16 வீதம் போகும்.

4:3 வீடியோ என்றால் நிலைமை இன்னும் மோசம். 44 வீதம் வெட்டுப்படும், கிட்டத்தட்டப் பாதி.

இந்த 44 வீதம் வன்னியில் என் வயதுக்காரருக்குப் புதிய கணக்கு இல்லை. கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் ரீவி வைத்து, ஊரே கூடி விடிய விடியப் படம் பார்த்தோம். அந்தக் கசற்றுகளில் பல, சினிமாஸ்கோப் படத்தின் இரு பக்கத்தையும் வெட்டி 4:3 ரீவிக்குப் பொருத்தியவை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கதைக்கும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் ஓரத்தில் தெரியும், குரல் வெளியிலிருந்து வரும். அப்போது அகலத்தில் வெட்டுப்பட்டதும் அதே 44 வீதம்தான். இப்போது அகலத் திரையை வைத்துக்கொண்டு உயரத்தில் வெட்டுகிறோம்.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு உணர்த்தியது ஒரு கசற். 2003இல் புதுக்குடியிருப்பில் நடந்த ஒரு சாமத்தியவீடு. இங்கிருந்த பிரதி எல்லாவற்றோடும் போய்விட்டது. ஜேர்மனிக்கு அனுப்பிய பிரதி தப்பியிருந்தது. அதை மாற்றி யூரியூப்பில் தங்களுக்கு மட்டும் தெரியும்படி ஏற்றி, இணைப்பை அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டு அன்ரி என்னிடம் வந்து பெரிய திரையில் போடச் சொன்னா. என் உலாவியில் அப்போது இருந்த நீட்சி எல்லாத் தளத்திலும் எல்லா வீடியோவையும் நிரப்பும்படி விட்டிருந்தது. குடும்பப் படம் எடுக்கும் காட்சி வந்தது. முன்வரிசையில் பிள்ளைகள், பின்வரிசையில் பெரியவர்கள். பின்வரிசையில் கழுத்துக்கு மேலே ஒருவருக்கும் இல்லை. அன்ரி திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்துக் காட்டினா. "இதிலை தானே தம்பி அவர் நிண்டவர். முகத்தைக் காணேல்லை." நான் நீட்சியை நிறுத்தினேன். படம் சுருங்கி நடுவுக்கு வந்தது, தலைகள் எல்லாம் திரும்பி வந்தன. அவருடைய வேறு படம் ஒன்றும் அவவிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் நான் நீட்சியை உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன்.

ஆகவே முதலாவது தகுதி: படத்தில் பட்டை இருக்கிறதா என்று தானே பார்த்து, இருந்தால் மட்டும் வெட்டவேண்டும். அல்லது நாம் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது. இந்த இரண்டில் ஒன்று.

தானே பார்க்கும் வகையில் நன்கு அறியப்பட்டது அல்ட்ராவைடிஃபை. இலவசம், மூலநிரல் திறந்து வைக்கப்பட்டது. ஓடும் வீடியோவிலிருந்து அடிக்கடி ஒரு காட்சியைச் சின்னதாகப் பிரதி எடுத்து, மேலும் கீழும் உள்ள வரிகள் கறுப்பா என்று பார்த்து, படம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கும். அதற்கேற்ப வெட்டும். பட்டை இல்லாவிட்டால் சும்மா இருக்கும். படத்துக்கு நடுவில் வடிவம் மாறினாலும் பின்தொடரும். சில பெரிய படங்களில் ஐமேக்ஸ் காட்சிகள் வரும்போது பட்டை விலகி, பிறகு திரும்ப வருமே, அந்த மாதிரி.

இதற்கு இடறும் இடங்களும் உண்டு. இருட்டுக் காட்சியில் எங்கே படம் முடிகிறது, எங்கே பட்டை தொடங்குகிறது என்று எந்த நிரலுக்கும் குழம்பும். பட்டைக்குள் அலைவரிசையின் இலச்சினையோ எழுத்தோ இருந்தால் அதையும் படம் என்று எடுத்துவிடலாம். இதைவிடப் பெரிய தடை, பூட்டுப் போட்ட வீடியோ. நெட்பிளிக்ஸ் போன்ற கட்டணத் தளங்கள் திருட்டுப் பிரதியைத் தடுக்கத் தங்கள் வீடியோவைக் குறியாக்கம் செய்து அனுப்புகின்றன. அதன் காட்சியைப் பிரதி எடுக்க முயன்றால் நீட்சிக்கு அநேகமாக வெறும் கறுப்புத்தான் கிடைக்கும். வீடியோ வேறொரு தளத்திலிருந்து வருகிறது என்றாலும் புள்ளிகளை வாசிக்க உலாவி விடாமல் தடுக்கலாம். இது நீட்சியின் குறை அல்ல, உலாவியின் பாதுகாப்பு விதி. பெருப்பிப்பதை இந்தப் பூட்டுத் தடுக்காது, பார்ப்பதைத்தான் தடுக்கும். அப்படியான தளங்களில் கையால் ஒரு விசையைத் தட்டி 21:9 என்று சொல்லிவிட வேண்டியதுதான். "எல்லாத் தளத்திலும் தானாகக் கண்டுபிடிக்கும்" என்று எந்த நீட்சியாவது சொன்னால் அந்த வாக்கை அப்படியே நம்பவேண்டாம்.

கையால் இயக்கும் வகையில் அல்ட்ராவைடியோ இருக்கிறது. விசையைத் தட்டத் தட்ட வெட்டு, இழு, பழையபடி என்று முறை மாறும். கண்டறியும் வேலை இல்லாததால் கணினிக்குச் சுமையும் குறைவு. பழைய மடிக்கணினியில் மொனிட்டரைக் கொழுவிப் பார்ப்பவர்களுக்கு இதையே சொல்வேன். எங்கள் வெயிலில் மின்விசிறி ஏற்கெனவே இரைந்துகொண்டிருக்கும் இயந்திரத்துக்கு நொடிக்கு நொடி காட்சி எடுத்துப் பார்க்கும் வேலையையும் கொடுப்பது வீண்.

விசை என்று வந்ததால் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. சில நீட்சிகள் எந்த எழுத்து வந்தது என்று பார்க்கும், சில எந்தக் கட்டை அழுந்தியது என்று பார்க்கும். விசைப்பலகையை ரெங்கநாதன் முறைக்கோ தமிழ்99க்கோ மாற்றி வைத்திருக்கும்போது, முதல் வகை நீட்சிக்குத் தமிழ் எழுத்துத்தான் போகும். ஒன்றும் நடக்காது. நீட்சி பழுது என்று நினைத்து அழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஒருமுறை தட்டிப் பாருங்கள். யூரியூப்பும் தனக்கென்று விசைகள் வைத்திருக்கிறது, முழுத்திரைக்கு ஒன்று, சப்ரைட்டிலுக்கு ஒன்று என்று. மோதினால் மாற்றிக்கொள்ள விடும் நீட்சி நல்லது.

சப்ரைட்டில் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவுக்கு மேலே தனியாக மிதக்கும் எழுத்து என்றால் படத்தை வெட்டினாலும் அநேகமாகத் தப்பும். படத்தோடு சேர்த்துப் பதிந்த எழுத்து என்றால், அதுவும் கீழ்க் கறுப்புப் பட்டைக்குள் பதிந்திருந்தால், பட்டையோடு போய்விடும். மலையாளப் படம் பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். அதற்கு நல்ல வழி எதுவும் இல்லை. அந்தப் படத்துக்கு நிரப்பாமல் பாருங்கள்.

சரி, இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நீட்சியைப் போடும்போது உலாவி ஒரு எச்சரிக்கை காட்டும்: நீங்கள் போகும் எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவை இது வாசிக்கவும் மாற்றவும் முடியும். பெரும்பாலானோர் வாசிக்காமலே சம்மதிக்கிறார்கள். வீடியோ எந்தத் தளத்தில் வருமென்று தெரியாது என்பதால் இந்த வகை நீட்சி அந்த அனுமதியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே அனுமதியோடு அது உங்கள் வங்கிப் பக்கத்திலும் இருக்கும், வெளிநாட்டிலிருந்து காசு வந்ததா என்று பார்க்கும் பக்கத்திலும் இருக்கும்.

இன்று நல்லதாக இருப்பது நாளைக்கும் நல்லதாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. த கிரேற் சஸ்பெண்டர் என்று ஒரு நீட்சி இருந்தது. பாவிக்காத பக்கங்களைத் தூங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல வேலை செய்தது. 20 இலட்சம் பேருக்கு மேல் பாவித்தார்கள். 2020இல் அதை எழுதியவர் வேறு ஆட்களுக்குக் கைமாற்றினார். 2021 பெப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் கடையிலிருந்து அகற்றியது. பாவித்தவர்கள் எதையும் புதிதாகப் போடவில்லை. இருந்ததுதான் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. எனக்கும் சின்ன அளவில் ஒன்று நடந்தது. பட்டை நீக்கும் ஒரு சின்ன நீட்சி, சில மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை எதைத் தேடினாலும் முன்பின் தெரியாத ஒரு தேடல் பக்கம் வரத் தொடங்கியது. நீட்சியை அழித்ததும் நின்றது. வாடிக்கையாளரின் கணக்கு விவரங்கள் இருக்கும் அதே கணினி அது. இரண்டு நாள் கடவுச்சொல் மாற்றுவதிலேயே போனது.

இதற்கு இரண்டு காப்பு உண்டு, இரண்டும் காசில்லாதவை. குரோமில் நீட்சியின் படவுருவை வலது கிளிக் செய்தால் அது எந்தத் தளங்களில் வேலை செய்யலாம் என்று வரையறுக்க முடியும்: நான் தட்டும்போது மட்டும், இந்தத் தளத்தில் மட்டும், எல்லாத் தளத்திலும். கடைசியை விட்டுவிட்டு, படம் பார்க்கும் இரண்டு மூன்று தளங்களை மட்டும் கொடுங்கள். அன்ரியின் கசற் மாதிரி ஒன்று திறக்கும்போது நிரப்பாமல் இருக்கவும் "தட்டும்போது மட்டும்" என்பது உதவும். இரண்டாவது, உலாவியில் படம் பார்க்கவென்றே தனியாக ஒரு சுயவிவரம் (புரொபைல்) திறப்பது. நீட்சி அதில் மட்டும் இருக்கும். வங்கி வேலை மற்றதில். வீட்டில் ஒரே கணினியை நாலு பேர் பாவிக்கும் இடத்தில் இது கட்டாயம் என்பேன்.

கடையில் நீட்சியைப் பார்க்கும்போது நட்சத்திரங்களை விடக் கடைசியாகப் புதுப்பித்த திகதியைப் பாருங்கள். குரோம் 2024, 2025 காலத்தில் பழைய கட்டமைப்பில் எழுதிய நீட்சிகளை நிறுத்திவிட்டது. எழுதியவர் கைவிட்ட நீட்சிகள் பல அதோடு செத்துவிட்டன. பயர்பொக்ஸ் கடையில் தாங்களே சோதித்துப் பரிந்துரைக்கும் நீட்சிகளுக்கு ஒரு அடையாளம் போடுகிறார்கள், அதையும் கவனியுங்கள்.

தரம் பற்றிப் பலர் கேட்பார்கள். பெருப்பித்தால் மங்குமா? கொஞ்சம் மங்கும். 1080 வீடியோவில் 1920 புள்ளி அகலமுள்ள படம் 3440க்கு விரிகிறது, பார்க்கக் கூடியதாகவே இருக்கும். 720 என்றால் 1280 புள்ளிதான், முகங்கள் மெழுகு பூசியதுபோலத் தெரியும். 1440இல் வைத்தால் வடிவாக இருக்கும், ஆனால் அதற்கு டேட்டா போகும். றவுட்டரில் பொதி முடியப் போகிற மாதக் கடைசியில், 720ஐ நிரப்பாமல் சின்னதாகப் பார்ப்பதே கண்ணுக்கு இதம்.

கோப்பாகக் கையில் இருக்கும் படத்துக்கு இது ஒன்றும் தேவையில்லை. விஎல்சி பிளேயரில் சி என்ற ஆங்கில எழுத்து விசையைத் தட்டத் தட்ட வெட்டும் அளவுகள் மாறிக்கொண்டே வரும். 2.35, 2.39 வரும்போது நிறுத்துங்கள். இணையமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். 32:9 என்று இன்னும் நீண்ட திரை வைத்திருப்பவர்கள் நிரப்பும் எண்ணத்தையே விட்டுவிடலாம். அதில் சினிமாஸ்கோப் படமே மூன்றில் ஒன்று வெட்டுப்படும்.

அறிவியல்நகர்த் தம்பிக்கு நான் போட்டுக்கொடுத்தது அல்ட்ராவைடிஃபை. யூரியூப்பில் தானாக, அவன் தொடர் பார்க்கும் கட்டணத் தளத்தில் கையால், மற்ற எங்கும் இல்லை. போட்டதும் மூன்று வீடியோ ஓடவிட்டோம். முதலில் புதிய தமிழ்ப் படத்தின் பாட்டு ஒன்று. இரண்டு நொடியில் ஓரம் முட்ட விரிந்தது. "ஐயோ அண்ணை, தியேட்டர் மாதிரிக் கிடக்கு" என்றான். அடுத்து இரவுச் செய்தி. ஓடும் எழுத்துக் கீழே அப்படியே இருந்தது. மூன்றாவதாக அவனுடைய அம்மாவின் கல்யாண வீடியோ, பழைய 4:3. அது நடுவில் சின்னதாக வந்து நின்றது, இரு பக்கமும் அகலக் கறுப்போடு. மணவறைக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாருடைய தலையும் இருந்தது. அவன் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் தன் தாத்தாவைத் தேடத் தொடங்கினான்.